நாடி ஏறாத மாப்பிள்ளை

ஃபின்லாந்தில், எங்கள் ஏரிக்கரை நடனக் கொட்டகையில் அக்கார்டியன் வாசிப்பவன் நான். புதன்கிழமை பெண்கள் முறை. அன்று ஆடக் கூப்பிடுவது அவர்கள்தான். ஆண்கள் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அந்தப் புதன், ஹில்க்கா நெஞ்சில் கட்டி நாடி பார்க்கும் பட்டையோடு வந்தாள். பனிச்சறுக்குப் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவள், யார் பேச்சையும் நம்பாதவள். ஆர்வோ, சுலோ இருவருக்கும் அவளைக் கட்டிக்கொள்ள ஆசை.

"என் கையைப் பிடிக்கறப்போ எவன் நாடி எகிறுதோ, அவனைத்தான் கட்டிக்குவேன்" என்று அறிவித்தாள். கிறுக்குத்தனம் என்று ஒருவனாவது சொல்ல வேண்டுமே! எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் ஆர்வோவுக்குப் பட்டையைக் கட்டிக் கையைப் பிடித்தாள். நாடி ஐம்பத்தெட்டு.

"என்னைப் பாத்தா தூக்கம் வருதா உனக்கு?"

"இதய மாத்திரை போடறேன் ஹில்க்கா. அது நாடியை ஏற விடாது. கரடியே வந்து நின்னாலும் இவ்வளவுதான்."

"நல்ல சாக்கு!"

சுலோவுக்கு நூற்று நாற்பது. ஒரே கைதட்டல். இருவரும் ஆட, எரிச்சலோடு டாங்கோ வாசித்தேன். பாதிப் பாட்டில் சுலோ தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்ஸ் வந்தது. காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. இதயம் தாளம் தப்பி ஓடியிருக்கிறது.

அடுத்த மாதம் அவனும் அதே மாத்திரையோடு திரும்பினான். நாடி அறுபத்திரண்டு.

"டாக்டர் இவன் காதலைக் குணமாக்கிட்டாரே!" என்று ஹில்க்கா தலையில் அடித்துக்கொண்டாள். சுலோ காபி குடிக்கப் போய்விட்டான்.

ஆர்வோ எழுந்தான். "நான் நாளைலேர்ந்து மாத்திரையை நிறுத்திடறேன். அப்புறம் பாரு, எப்படி அடிக்குதுன்னு."

ஹில்க்காவின் முகம் வெளுத்தது. "அறிவிருக்கா? திடீர்னு நிறுத்தினா நெஞ்சு தறிகெட்டு அடிக்கும். செத்துத் தொலைவே!"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நானும் அதைத்தானே முழுங்கறேன்! ரத்த அழுத்தத்துக்குன்னு குடுத்தாங்க. பட்டுன்னு நிறுத்தவே கூடாதுன்னு சொன்னாங்க."

பட்டையை அவளுக்கே கட்டிப் பார்த்தோம். அத்தனை கத்தலுக்கும் ஐம்பத்தேழு. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கே பாவமாக இருந்தது.

ஆர்வோ முறையை மறந்து கையை நீட்டினான். "ஆடலாமா?"

பெண்கள் முறையில் ஆண் கேட்பதா! வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"உக்காரு. கேக்கறது நான்" என்றாள்.

உட்கார்ந்தான்.

"ஆட வா. முடிஞ்சதும் மாத்திரை டப்பாவை எடுத்துட்டு என் வீட்டுக்கு வந்துடு. இனிமே என் கண்ணு முன்னாடிதான் போடணும்."