நாற்பத்து மூன்று விதிகளும் ஒரு சன்ஷேடும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. எங்கள் பள்ளியின் புறவாசல் கிரிக்கெட் மன்றத்துக்கு விதிகளை ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். பக்கம் போதவில்லை. அதனால் இது.

முதல் தொடக்கம்: தூத்துக்குடித் துறைமுகத்தில், கடலுக்குள் விழும் மாலைச் சூரியன் ஒரு ரப்பர் பந்தைப் போல—

[அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் சூரியன் கடலில் உதிக்கும். மாலையில் அது கயத்தாறு பக்கம் போய்விடும்.]

2

இரண்டாவது தொடக்கம். பதினொன்றாம் வகுப்பு ஜெஸ்மியைப் பள்ளி அணித் தேர்வில் மூன்று முறை கழித்துவிட்டார்கள். நான்காம் முறை அவள் போகவில்லை. சொந்தமாக ஒரு மன்றம் தொடங்கினாள். தேர்வு கிடையாது, வந்தவரெல்லாம் ஆடலாம். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு, லேபுக்குப் பின்னால், எச்.எம். அறையின் ஜன்னல் ஓரம். எங்கும் சேர்க்கப்படாத பதினான்கு பேர் சேர்ந்தோம். அங்கே ஜெஸ்மி ஒருவரையும் கழித்ததில்லை. தானும் ஒருமுறைகூட அவுட் என்று ஒத்துக்கொண்டதில்லை.

3

எச்.எம். ஞானபாய் டீச்சர் ஒரு நாள் ஜன்னலைத் திறந்தார்.

"ஏளா ஜெஸ்மி, நீங்க வெளாடுதது எனக்குக் கேக்கவே இல்ல. சண்டதான் கேக்கு."

"சண்டையும் ஆட்டத்துலதான் சேத்தி, டீச்சர்."

"அப்படியா. விதிய எழுதி வையி. அடுத்த வெள்ளிக்கெழம நானே வந்து நிப்பேன். ஒரு தகராறு ஒரு நிமிசத்துல தீரலன்னு வையி, மன்றத்துக்குப் பூட்டு."

ஜெஸ்மி நோட்டை என் மடியில் போட்டாள். "கட்டுரைல பக்கம் பக்கமா அளப்பேல்லா? எழுதுலே."

4

ஒவ்வொருவருக்கும் அவரவர் புறவாசலில் பிறந்த விதிதான் வேதம். டிக்சன் கடற்கரைத் தெருக்காரன். "நெத்திலி காயப்போட்ட பாய்ல பந்து விழுந்தா அவுட்டு. பெரியம்ம பந்தத் தரமாட்டா."

பேச்சிராஜா ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். "வாய்க்கால்ல விழுந்தா ரெண்டு ரன்னு. எறங்கி நனையணும்லா."

"இங்கன வாய்க்கால் எங்கலே இருக்கு?" என்றாள் ஜெஸ்மி.

"அதுக்காக விதிய விடச் சொல்லுதியா?"

ஒருவனுடைய விதியை நீக்கினால் அவனையே நீக்கியது போலாகிவிடும் என்று அவள் பயந்தாள். எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். நாற்பத்து மூன்று வந்தது. புத்திசாலிகள் பள்ளியில் இல்லாத பொருள்களின் விதிகளை அடித்திருப்பார்கள். நாங்கள் பொருள்களைக் கொண்டுவந்தோம்.

5

வெள்ளிக்கிழமை. டிக்சன் பாயை விரித்தான், நெத்திலியோடு. நாலு காக்கை வந்து மதிலில் உட்கார்ந்தன. பேச்சிராஜா மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஊற்றினான், மண் குடித்துவிட்டது. மறுபடி ஊற்றினான்.

டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். "எழுதுதவன் நீதான? நேரமும் நீயே பாரு."

பேச்சிராஜா வீசினான். ஜெஸ்மி சுழற்றினாள். பந்து உயர்ந்து எச்.எம். அறைச் சன்ஷேடில்* விழுந்து, உருண்டு, யோசித்து, விளிம்பிலிருந்து இறங்கியது. நெத்திலிப் பாயில் நின்ற டிக்சன் அதை ஒற்றைக் கையில் பிடித்தான்.

"அவுட்டு."

"செவத்துல பட்டா செத்த பந்துலே," என்றாள் ஜெஸ்மி.

"அது செவரா?"

எல்லாரும் என் நோட்டைப் பார்த்தார்கள்.

* ஜன்னலுக்கு மேல் வெயிலுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்டுப் பலகை. நாற்பத்து மூன்று விதிகளில் ஒன்றில்கூட அது இல்லை. எழுதியவன் என்ற முறையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

6

முடிவு அ: மன்றம் பிழைக்கட்டும் என்று ஜெஸ்மி பெருந்தன்மையாக மட்டையைக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

[நீங்களே நம்பமாட்டீர்கள்.]

முடிவு ஆ: காக்கை பந்தைத் தூக்கிக்கொண்டு—

[காக்கை தூக்கியது நெத்திலியை.]

நடந்தது இதுதான். நாற்பதாவது நொடியில் டீச்சர் வாயைத் திறந்தார். "சன்ஷேட்ல பட்டு ஒத்தக் கையில புடிச்சா அவுட்டு. சாகுபுரம் கம்பெனி குவார்ட்டர்ஸ்ல சின்னப்புள்ளைல நாங்க அப்படித்தான் ஆடுவோம்."

"அது உங்க குவார்ட்டர்ஸ் டீச்சர். இது ஸ்கூலு."

"ஏளா, நான் எத்தன பேர அப்படி அவுட்டாக்கியிருக்கேன் தெரியுமா?"

"பாயில நின்னு புடிச்சா செல்லுமா டீச்சர்? பாய் அவுட்டு எடம்லா," என்று பேச்சிராஜா புதிதாக ஒன்றைக் கிளப்பினான். டீச்சர் அவன் பக்கம் திரும்பினார். மூக்கிலிருந்த கை எப்போதோ இடுப்புக்குப் போயிருந்தது. பூட்டு போட வந்தவரையும் சேர்த்துத் தகராறில் இப்போது பதினைந்து பேர்.

ஒரு நிமிடம் தாண்டியதா? அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். கடிகாரம் இன்னும் என் கையில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு மட்டும் இடமிருக்கிறது:

விதி 44: சன்ஷேடில் பட்டு விழும் பந்தை ஒற்றைக் கையில் பிடித்தால் ____________.

உங்கள் புறவாசலில் எப்படியோ, அப்படி நிரப்புங்கள். கொஞ்சம் சீக்கிரம். ஜெஸ்மி இன்னும் மட்டையைக் கீழே வைக்கவில்லை.