வலப்பக்க முடிச்சுகள்

வலைத்தொட்டிலில் படுத்த வேகத்தில் அவர் இடப்பக்கமாக உருண்டு தரைக்கு வந்து சேர்ந்தார். அடி ஒன்றும் பலமில்லை, முழங்கால் உயரத்தில்தான் கட்டியிருந்தார்கள். மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நான்கு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத புருஷனைப் பார்த்துச் சிரித்தால், இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருஷமாகக் கயிற்றில் வலைத்தொட்டில் பின்னி விற்கிறவர்கள். வாங்க வருகிறவர்கள் ஹேமக் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, அறுந்துவிடாதே என்று நாலு தடவை கேட்பார்கள். அதனால் தாங்கள் படுத்துப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை. ஒரே வரிசையை இருவருமாகப் பின்னுவார்கள். இடது ஓரத்திலிருந்து நடு வரைக்கும் அவள். அங்கே கயிறு சுற்றிய மர ஊசியை வாங்கி வலது ஓரம் வரைக்கும் அவர். கண்ணிகள் ஒரே அளவில் விழுவதற்கென்று ஒரு கட்டை இருந்தது. அது எப்போதோ கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போய்விட்டது. இப்போதெல்லாம் விரல்தான் அளவு. அவளுடைய நான்கு விரல் நுழைந்தால் சரியான கண்ணி.

சண்டை மகளால் வந்தது. பாப்பா என்று கூப்பிட்டாலும் இருபத்து நான்கு வயது. பக்கத்து ஊரில் ரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் வேலை. இப்போது இரண்டு ரயில் மாறிப் போகவேண்டிய ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். போனில் கேட்டதும் இவர், பக்கத்தில் மனைவி என்று ஒருத்தி உட்கார்ந்திருப்பதே தெரியாதவர்போல், “தாராளமா போம்மா” என்றுவிட்டார். மகள்தான் பிடித்துக்கொண்டாள். “அம்மா வாயால சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு.” இன்று சனிக்கிழமை, மத்தியானம் தாண்டிவிட்டது. நான்கு நாளும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னினாள். அவரோ சீட்டியடித்துக்கொண்டு பின்னினார். இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று அவளுக்கு ஆறவே இல்லை.

“ஒரு பக்கம் இறுகிப்போச்சு” என்றார் அவர், தூணைப் பார்த்து.

என் பக்கம்தான் என்று அவளுக்கு உடனே பட்டது. கோபத்தையெல்லாம் கயிற்றில் காட்டியிருக்கிறேன். இதைச் செய்யச் சொல்லியிருந்த முதுகுவலிக்கார பஸ் டிரைவர் ஐந்து மணிக்கு வந்து நிற்பார், என்ன சொல்வது? குனிந்து தன் பக்கத்துக் கண்ணியில் விரலை விட்டாள். நான்கு விரலும் போனது. அடுத்ததிலும் போனது. சந்தேகத்தோடு வலப்பக்கம் போனாள். மூன்று விரல்தான் நுழைந்தது. வரிசை வரிசையாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனாள், எல்லாம் மூன்று. பழைய கயிறு தீர்ந்து புதுக் கயிற்றை ஒட்டுப்போட்ட இடத்துக்கு அப்பால்தான் நான்கு விரலும் போனது. ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பாப்பாவின் போன் வந்தது.

“எத்தனை வரிசை?” என்றார் அவர். முகம் இன்னும் தூண் பக்கமே இருந்தது.

“முப்பத்தொண்ணு. தாராளமா போன்னு சொன்னீங்களே.”

“வாய் சொல்லிடுச்சு. கை கேக்கல.” கொஞ்ச நேரம் தரையில் கிடந்த கயிற்றுத் துணுக்கைக் கால் விரலால் நகர்த்தினார். “உன்னைக் கேட்டா வேணாம்பே. நீ சொல்லிட்டா நானும் வேணாம்னுடுவேன். அந்தப் பயத்துலதான் முந்திக்கிட்டேன்.”

அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இவரும் நான்கு நாளாக அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறார். அழுகைக்குத் துணை கிடைத்ததில் இப்படியொரு சந்தோஷம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. டிரைவருக்கு அவரே போன் செய்து, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

அவர் பக்கத்தை மட்டும் தனியாக அவிழ்க்க வழியில்லை. ஒரே கயிறு இரண்டு பக்கமும் ஓடுகிறது, அவள் போட்ட ஒழுங்கான முடிச்சுகளும் போகவேண்டியதுதான். எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அவர் இரும்பு முள்ளால் முடிச்சை நெம்பித் தளர்த்த, அவள் கயிற்றை உருவினாள். இரண்டு வரிசை போனதும் போனை எடுத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

“பாப்பா, அந்த ஊர்ல குடுக்குற ரூம்ல, நம்ம தொட்டில் ஒண்ணு மாட்ட செவுத்துல ரெண்டு கொக்கி அடிக்க விடுவாங்களா? கேட்டுச் சொல்லு.”

அவர் நெம்புவதை நிறுத்திவிட்டார். அவிழ்ந்த கயிறு, முடிச்சு இருந்த இடமெல்லாம் சுருள் சுருளாக நின்றது. அவள் அதை நீவி நீவி முழங்கையில் சுற்றிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தாள்.