இடது பக்கத்து ஆணிகள்

கார் வாங்கும் ஆசையில் லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டிய ஷெட் அது. கார் வந்தபாடில்லை. அவர் அதைத் தன் பட்டறையாக்கிக்கொண்டார். விடுமுறை நாளெல்லாம் அதற்குள்தான் கிடப்பார். சுவரில் பிளைவுட் பலகை அறைந்து, ஒவ்வொரு கருவிக்கும் ஆணி அடித்து, அதனதன் உருவத்தை மார்க்கரால் வரைந்து வைத்திருந்தார். சுத்தியலை எடுத்தால், சுத்தியல் போன இடம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும்.

"வீட்டுக்குள்ள ஒரு ஆணி அடிக்கச் சொன்னா மாசக்கணக்கா இழுப்பீங்க. இங்க மட்டும் கண்காட்சி" என்பாள் மனைவி.

முதலில் இடம் மாறியது கட்டிங் பிளேயர். ஒரு நாள் காலை பார்க்காமலே வலது பக்கம் கையை நீட்டினார். விரலில் வெறும் பலகைதான் பட்டது. பிளேயர் இடது கோடியில் தொங்கியது. அதன் உருவமும் அங்கேதான் வரையப்பட்டிருந்தது. பழைய இடத்தில் கோட்டை அழித்த தடமோ ஆணி பிடுங்கிய ஓட்டையோ இல்லை. அந்த இடத்தில் பலகை புதிதுபோல் இருந்தது.

"பலகையில ஏதாவது மாத்தினியா?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

மைத்துனனின் குறும்பாக இருக்குமோ என்று நினைத்தார். பெயிண்டரான அவன், அக்கா வீட்டுக்கு வந்தால் எதையாவது நோண்டாமல் இருக்க மாட்டான். ஆனால் அவன் வெளியூரில் வேலையாக இருந்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாறியது. அலமாரியில் நிறுத்தி வைத்திருந்த ஸ்க்ரூ பாட்டில்களின் மூடிகளை யாரோ மேல் தட்டின் அடிப்பக்கத்தில் திருகி வைத்திருந்தார்கள்; பாட்டில்கள் அவற்றிலிருந்து தலைகீழாகத் தொங்கின. தனக்கு இந்த யோசனை வராமல் போயிற்றே என்று அவருக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. பயம் அப்புறம்தான் வந்தது. கட்டையை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸ், இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கத் திணறுவது, மேஜையின் வலது மூலையிலிருந்து இடது மூலைக்குப் போயிருந்தது. சிறிய ரம்பத்தின் பிடியில் துணி டேப் சுற்றியிருந்தது. எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. இழுத்துக் கட்டிய, நறுவிசான வேலை.

மைத்துனன் ஊர் திரும்பியதும் விஷயத்தைச் சொன்னார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, இப்படி ஒரு பேய் கிடைச்சா என் வீட்டுக்கும் அனுப்புங்க. பிரஷ்ஷெல்லாம் போட்ட இடத்துலயே கிடக்குது."

இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் பழையபடி வலது பக்கமாக மாற்றினார்கள். ஷெட்டைப் பூட்டி, சாவியை மைத்துனன் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மதியம் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து திறந்தார்கள். பட்டப்பகல். வெயில் பலகைமேல் நேராக விழுந்திருந்தது.

எல்லாம் இடது பக்கம் இருந்தது. ஆணிகள் முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தன.

மைத்துனன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினான். ஒவ்வொரு ஆணியும் எட்டியது.

"நின்னுக்கிட்டு வேலை செய்யறவனுக்கு இல்ல மாமா இது. உக்காந்துக்கிட்டு, இடது கையால..."

"நம்ம வீட்டுல இடது கைக்காரங்க யாரும் இல்லையேடா."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

அடுத்த வாரம், பெரிய கட்டடம் ஒன்றின் லிஃப்ட் குழியில் இறங்கும்போது ஏணி வழுக்கியது. மெக்கானிக்குக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. வலது முட்டியும் பெயர்ந்துபோயிற்று. கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

படுத்தே கிடந்து அலுத்துப்போன ஒரு நாள், மைத்துனன் தோளைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். மனைவியின் அரிவாள்மனைப் பலகை பிளந்து கிடந்தது. புதிதாக ஒன்று செய்து தரலாம் என்று நினைத்தார். மைத்துனன் அவரை உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போனான்.

இடது கையை நீட்டினார். ரம்பம் வந்தது. டேப் சுற்றிய பிடி உள்ளங்கையில் அளவெடுத்தாற்போல் பொருந்தியது. வைஸ் கட்டையைப் பிடித்துக்கொண்டது. ஒற்றைக் கையால் திருப்பியதும் ஸ்க்ரூ பாட்டில் கழன்று விரலுக்குள் வந்து நின்றது. வேலை சுகத்தில் அவர் வேறெதையும் நினைக்கவில்லை. பலகை முடிந்து, ஊதித் தூசி தட்டியபோதுதான், எல்லாம் தன் இடது கைக்கென்றே மாற்றி வைக்கப்பட்டிருப்பது அவருக்கு உறைத்தது.

நிமிர்ந்தார். காபி டம்ளரோடு வாசலில் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, காபியில் ஆடை படர்ந்திருந்தது.

"எனக்காகத்தான் வெச்சிருக்கு" என்றார் அவர். "பயப்படாத. நல்லதுக்குத்தானே பண்ணியிருக்கு?"

அவள் உள்ளே கால் வைக்கவில்லை.

"நீங்க விழப் போறது அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சு, ஆணியத்தான் மாத்தி அடிச்சிருக்கு. உங்கள நிறுத்தல."

அவர் கையிலிருந்த ரம்பத்தை மெல்ல மேஜைமேல் வைத்தார். அதை மறுபடி ஆணியில் மாட்ட அவருக்கு மனம் வரவில்லை.

மைத்துனன் வந்ததும், வேண்டியவற்றை மட்டும் ஒரு சாக்கில் அள்ளி ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். ஷெட்டைப் பூட்டினார்கள். சாவியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி மனைவி வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கருவிகளைத் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் அவள்தான் அடுக்கினாள். அடுக்கினாள் என்று சொல்வதே அதிகம். சுத்தியல் போர்வைக்கு அடியில் கிடக்கும். உளி பழைய கைப்பைக்குள் இருக்கும். அரம் எங்கே என்று அவளுக்கே தெரியாது. கட்டு பிரித்த பிறகும், ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டுமென்றால் அரைமணி நேரம் தட்டைக் குடைவார். கடைசியில் ஏதாவது தலையணை உறைக்குள்ளிருந்து அது வெளிவரும்போது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக அவளைத் திட்டுவார்.