இடது காதுக்கான மூன்றாவது தாள்

1

ஒரு சின்னப் புதிர் அவிழாததால் பிறந்த கதை இது. பதினொரு வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவருக்கு இடது காது கேட்காது. ஆனால் படையிலிருந்து விடைபெற்ற நாளில் எடுத்த சோதனைத் தாள், இரண்டு காதும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறது. அப்படியானால் அந்தக் காது எப்போது போனது?

முன்னாள் படைவீரர் சங்கத்தில் மனு எழுதித் தருவது என் வேலை. [கதை, மீதி நேரத்தில்.] ஊன ஓய்வூதியத்துக்கு மூன்று தாள்கள் வேண்டும். இன்று குறை இருக்கிறது என்று ஒன்று. அன்று வெடிச்சத்தம் இருந்தது என்று ஒன்று. அதனால்தான் இது என்று இரண்டையும் கட்டும் கயிறாக ஒன்று. கயிறு இல்லாமல் மனு ஏற்கெனவே ஒரு முறை திரும்பிவிட்டது. மேல்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

2

'பீரங்கிகள் முழங்கிய அந்தப் போர்க்களத்தில்...' [அடித்துவிட்டேன். நான் போர்க்களம் பார்த்ததில்லை. அவருக்குக் காது போனதும் பயிற்சித் திடலில்தான்.]

என் மேசையிலிருந்தே தொடங்குகிறேன். எதிரே அவர். அவருக்கு வலப்பக்கம் மனைவி.

"அந்தச் சோதனை எப்படி நடந்துச்சுண்ணே?"

"கண்ணாடி அறை. ஹெட்ஃபோன் மாட்டிவிடுவாங்க. சத்தம் கேட்டா பொத்தானை அமுக்கணும்."

"கேட்டுச்சா?"

மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை பண்ற ஆளோட கை தெரிஞ்சுது. கை அசையிறப்பல்லாம் அமுக்கினேன்."

"அடப்பாவி மனுசா! இருபது வருசமா எங்கிட்டகூட மூச்சு விடலையே!"

"தேறலைன்னா மூணு வாரம் ஆஸ்பத்திரியில இருக்கணும்னாங்க. உன்னைப் பார்த்தே பதினாலு மாசம் ஆச்சு. இதுல இன்னும் மூணு வாரமா?"

3

[இங்கே அந்த அக்கா அழுததாக எழுதியிருந்தேன். பொய். சிரித்தார். பிறகு கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், திறந்தார்.]

"ஸ்டேஷன்ல இறங்கினதும் இவர் இடது காதுல ஒண்ணு சொன்னேன் தம்பி. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துட்டுப் போனது. இவர் பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு நடந்துட்டார். பிடிக்கலையோன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தப் பக்கம் எதுவுமே கேட்கலைன்னு. அன்னையிலேர்ந்து நான் வலப்பக்கம்."

"என்ன சொன்னே?" என்றார் கணவர்.

"இப்ப கேளுங்க, நல்லா!"

இருபது வருடமாக அந்த வாக்கியம் ரயில் நிலையத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அந்த அக்கா சொன்னதாக நானே ஏதோ ஒன்றைச் சேர்த்திருந்தேன். நீக்கிவிட்டேன். உங்களுக்குத் தோன்றுவதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்: "..........". மனு ஏற்கப்பட்டதா என்றும் கேட்காதீர்கள். இன்னும் பதில் வரவில்லை.

4

புதிர் மட்டும் அவிழ்ந்தது. கூட இருந்தவர் கண்டதை எழுதித் தந்தால் அதுவும் சான்றுதான். அந்த மூன்றாவது தாளின் மேல்பாதியில், சோதனையில் தேறிய விதத்தைக் கணவர் உள்ளபடி எழுதினார். கீழ்ப்பாதியில் மனைவி எழுதினார்: 'விடைபெற்ற மறுநாள், ரயில் நிலையத்தில், இடது காதில் பேசினேன். கேட்கவில்லை. அன்றிலிருந்து வலப்பக்கம் நடக்கிறேன்.' பேசியது என்ன என்று மனுவுக்குத் தேவையில்லை. தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டார்கள். வியாழக்கிழமை கொடுத்துவிட்டோம்.