ஆறு மாதம் பார்க்கலாம்

என் வாயில் ஊறிப்போன சொல் ஒன்று உண்டு. பார்க்கலாம். வேலை செய்யும் இடத்தில் என் பட்டப்பெயரே அதுதான். 'பாக்கலாம் எங்கப்பா, அவரக் கூப்பிடு' என்பார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்ட் எப்போது ஓடும் என்று கட்டடத்து மேனேஜர் கேட்டால் பார்க்கலாம். சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் பார்க்கலாம். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாதவனுக்கு இதைவிட வசதியான சொல் கிடையாது. கேட்டவர் மனம் கோணாமல் போய்விடுவார். நாமும் நம் பாட்டுக்கு இருந்துவிடலாம்.

என் மனைவி பதினாறு வருடமாக இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரயிலில் ஐந்து மணி நேரத் தூரத்தில் ஓர் ஊர் இருக்கிறது. சின்ன ஊர், பழைய ஊர். ஆறு அதை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. எந்தக் காலத்து ராஜாவோ கட்டிய கல் பாலம், பாதி இடிந்த கோட்டைச் சுவர், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய தெருக்கள். அவள் வேலை செய்யும் தையல் நூல் கடைக்கு வந்த ஒரு காலண்டரில் பன்னிரண்டு மாதமும் அந்த ஊர்ப் படங்கள்தான் இருந்தன. சாயங்காலத்தில் எடுத்த படம் ஒன்றில் ஆற்றுத் தண்ணீர் ஒரு நிறமாக இருந்தது. கடையில் இருக்கும் எண்ணூற்றுச் சொச்சம் நூலில் அந்த நிறம் இல்லை என்றாள். காலண்டர்காரன் சாயம் ஏற்றிவிட்டானா, நிஜமாகவே தண்ணீர் அப்படித்தானா என்று நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டுமாம். ஒரு சனி, ஞாயிறு போதும் என்றாள்.

அந்தச் சனி, ஞாயிறுதான் என்னிடம் இல்லை. ஆபீஸ் கட்டடங்களில் ஆள் இல்லாத நாளில்தான் லிஃப்டை நிறுத்திப் பிரிக்க முடியும். ஊரே காலை நீட்டிப் படுத்திருக்கும்போது நான் இருபது மாடிக் குழிக்குள் இறங்கி கிரீஸ் தடவிக்கொண்டிருப்பேன். இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. கேட்டிருந்தால் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. தண்ணீர் என்ன நிறமாக இருந்தால் எனக்கென்ன என்றுதான் இருந்தேன்.

போன வருடக் கடைசியில் அவளுக்கு இடது கண் மங்கியது. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நான்தான் பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். மாற்றினோம், சரியாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது இடது கண் நரம்பு அநேகமாகச் செத்துவிட்டது என்றார்கள். வலது கண்ணிலும் அதே நோய் ஆரம்பித்திருந்தது. டாக்டர் நல்ல மனிதர், ஆனால் வாசலில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதிக்கொண்டே பேசினார்.

"மருந்த ஆரம்பிச்சுடுவோம்மா. ஒரு ஆறு மாசம் வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

அவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். வெளியே வந்து படியிறங்கும்போதே நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஆறு மாதம் வரைக்கும் இவளால் பார்க்க முடியும். அதற்குப் பிறகு முடியாது. அப்படித்தான் என் காதில் விழுந்தது. ஆனாலும் ஒரு கெடு கிடைத்துவிட்ட நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கெடு இருந்தால்தான் கை வேலை செய்யும்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன்: "அந்த ஆத்தங்கரை ஊருக்குப் போறோம். நெஜமா போறோம்."

அவள் என்னையே பார்த்தாள். "என்னிக்கு?" என்றாள்.

"எல்லாத்தையும் விசாரிச்சுட்டுத் தேதி சொல்றேன்."

அன்று முதல் என்னைப் பிடிக்க முடியவில்லை. சர்வீஸ் ரிப்போர்ட் எழுதும் நோட்டில் இரண்டு பக்கம் கிழித்து எடுத்து, கட்டம் போட்டு எழுதினேன். ரயில் காலை ஆறு பத்துக்கு. ஜன்னல் சீட், வலது பக்கம், ஏனென்றால் ஊர் வருவதற்கு முன்பே ஆறு அந்தப் பக்கம்தான் தெரியும். முதல் நாள் கோட்டைச் சுவர். சாயங்காலம் நாலரைக்குப் பாலம். மறுநாள் படகு. அந்த ஊர் ஹோட்டலுக்குப் போன் போட்டு, எந்த ரூமிலிருந்து தண்ணீர் நன்றாகத் தெரியும், மூன்றாவது மாடியா நாலாவதா என்று குடைந்து எடுத்தேன். லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேட்டேன். இல்லையாம். போனில் பேசிய பெண் கடைசியில், "சார், வீடு வாங்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

விசாரிக்க விசாரிக்கத் தடங்கல் வந்தது. பாலத்துக்குச் சாரம் கட்டிப் பூச்சு வேலை நடக்கிறது, நாலு மாதம் ஆகும் என்றார்கள். ஆற்றில் இப்போது தண்ணீர் கணுக்காலுக்குத்தான், மழை வந்தால்தான் படகு விடுவார்கள் என்றார்கள். எங்கள் ஆபீஸில் வருடாந்திரச் சோதனை முடியாமல் சனிக்கிழமை லீவு தரமாட்டேன் என்றார் மேனேஜர். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஐந்தாம் மாதத்து இரண்டாவது சனிக்கிழமையைக் குறித்தேன். கெடுவுக்கு இன்னும் ஆறு வாரம் மிச்சம் இருக்கும். எங்கள் தொழிலில் பத்துப் பேரைத் தூக்க வேண்டிய கயிறு என்றால் நூறு பேர் தொங்கினாலும் அறாத கயிற்றைத்தான் போடுவோம். மிச்சம் விட்டுக் கணக்குப் போட்டேன் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

அவளுடைய தங்கை கேட்டுவிட்டுக் கோபப்பட்டாள். "மாமா, சாரம் கட்டியிருந்தா என்ன, இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க" என்றாள். பாலம் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது போய் எதைப் பார்ப்பது, டாக்டரே ஆறு மாதம் சொல்லியிருக்கிறார் என்று அவள் வாயை அடைத்தேன். என் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல வாயைத் திறந்தாள். பிறகு எழுந்து போய்த் துணி மடித்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நூல் கடை முதலாளியம்மா போன் செய்தார். நான் ஒரு வங்கிக் கட்டடத்தில் கதவு சென்சாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உடனே வாருங்கள் என்றார். என்ன ஏது என்று கேட்டதற்கு, நேரில் வாருங்கள் என்றே திரும்பச் சொன்னார்.

போனேன். முதலாளியம்மா என்னை வாசலிலேயே நிறுத்திக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னார். அதற்கு முந்தின நாள் கடைக்கு லீவு விட்டு, இவள் இல்லாமலேயே நூல் டிராயர்களை எல்லாம் இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். இன்று காலை யாரோ ஒரு தையல்காரர் பழுப்புத் துணியைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். என் மனைவி எண்ணிப் போய், மூன்றாவது வரிசை ஏழாவது டிராயரைத் திறந்து, பச்சை நூலை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் அதே டிராயரிலிருந்து இன்னொரு பச்சையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"எனக்கு அப்பதான் புரிஞ்சுது" என்றார் முதலாளியம்மா. "இத்தனை வாரமா எண்ணி எண்ணித்தான் எடுத்துட்டு இருந்திருக்கா. துணிய வாங்கி, இதுக்கு என்ன கலர் வேணும்னு அவங்க வாயாலயே சொல்ல வெச்சிருக்கா. ஒரு தப்பு வரல. நாங்க டிராயர மாத்தாம இருந்திருந்தா இன்னும் எவ்வளவு நாள் ஓட்டியிருப்பாளோ."

அவள் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில் இருந்தன. என் செருப்புச் சத்தத்துக்குத்தான் திரும்பினாள், எனக்கல்ல.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், எழுத்துப் பலகையைக் காட்டினார், விரல்களைக் காட்டினார். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்தது. மருந்து கேட்கவில்லை, இனி செய்ய ஒன்றும் இல்லை என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் மேலாவது பாய வேண்டும் போல இருந்தது.

"ஆறு மாசம் பாக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர். இன்னும் மூணு மாசம் முழுசா இருக்கே. எதுக்கு ஒரு கணக்கச் சொல்றீங்க?"

அவருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் மாறிவிட்டது.

"ஐயா, நான் சொன்னது, மருந்து கேக்குதான்னு நாங்க ஆறு மாசம் வரைக்கும் பாக்கலாம்னு. அவங்களுக்குக் கண்ணு தெரியும்னு சொல்லல. அத யாராலயும் சொல்ல முடியாது. நாளைக்கே போகலாம், பத்து வருஷம் நிக்கலாம்."

இதற்கு மேல் அவர் என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. வாழ்நாள் முழுக்க அந்த ஒரு சொல்லை வைத்துப் பிழைத்தவன் நான். அதில் பிடிமானமே கிடையாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் உலகத்தில் இருக்க முடியாது. அதே சொல்லை இன்னொருவர் என்னிடம் சொன்னபோது அதை உத்தரவாதமாக எடுத்துக்கொண்டேன். அதன் மேல் ரயிலையும் படகையும் ரூமையும் அடுக்கினேன். தண்ணீர் கணுக்காலளவு இருந்தாலும் ஆறு ஆறுதானே. சாரம் கட்டிய பாலமும் பாலம்தானே. அன்றைக்கு அவளுக்கு ஒரு கண் தெரிந்தது. மறுநாளே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். இதை நினைத்தபோது எனக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் அதையும் செய்ய முடியாது.

வெளியே மூன்றாவது மாடி நடையில், ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

"அவர் சொன்னது உனக்கு அன்னிக்கே புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"புரிஞ்சுது."

"நான் தப்பாக் கணக்குப் போடறேன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவள் முந்தானை ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலால் தடவிக் கண்டுபிடித்து அறுத்தாள்.

"பதினாறு வருஷத்துல இந்தத் தடவதான் நீங்க ஒரு தேதி சொன்னீங்க. அத மாத்தச் சொன்னா, அதுவும் இல்லாமப் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதுவரைக்கும் நின்னுடும்னு நெனச்சேன்."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கண் போய்க்கொண்டிருந்த ஒருத்தி, என்னிடம் தேதியை முன்னால் தள்ளச் சொல்வதைவிடத் தன் நரம்பை நம்புவது மேல் என்று முடிவு செய்திருக்கிறாள். அந்த அளவுக்குத்தான் நான் அவளுக்குப் புருஷனாக இருந்திருக்கிறேன்.

எதையாவது ஒட்டவைத்தாக வேண்டும் என்று வாய் பரபரத்தது. இந்தச் சனிக்கிழமையே போகலாம், மேனேஜர் தராவிட்டால் வேலையே வேண்டாம் என்றேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கலாம், கல்லைத் தொட்டுப் பார்க்கலாம் என்றேன். "நான் பக்கத்துலயே இருந்து எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் சொல்றேன். நீ பாக்கற மாதிரியே இருக்கும்" என்றேன். சொல்லும்போது நிஜமாகவே அது நடக்கும் என்று நம்பினேன்.

அவள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். வெளிச்சம் அங்கிருந்து வந்தது.

"இப்ப சொல்லுங்க. வெளிய என்ன இருக்கு?"

எழுந்து நின்று பார்த்தேன். "ஒரு மரம் இருக்கு. நாலு கார் நிக்குது. எதிர்க் கட்டடம். அதுக்கு மேல லிஃப்ட் ரூம்."

"மரம் எப்படி இருக்கு?"

"பச்சையா இருக்கு."

"என்ன பச்சை?"

மறுபடி பார்த்தேன். கண்ணை இடுக்கிக்கொண்டு, கண்ணாடியில் நெற்றி இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். என் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன, இந்த வயதிலும் கண்ணாடி போடாமல் திருகின் மரையை எண்ணுவேன். இலைகள் இருந்தன. எல்லாம் பச்சையாக இருந்தன.

"பச்சைதான்" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே ரயிலையும் ரூமையும் ரத்து செய்தேன். அந்த வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலைக்குப் போனேன். வீட்டில் அவளுக்கு எதிரே உட்கார என்னால் முடியவில்லை.