பட்டாளத்தார் இரண்டாம் முறை கண் மூடியது

பியூகிள் ஊதியவன் மெட்டை மாற்றி ஊதிவிட்டதால், பட்டாளத்தார் தன் அடக்கத்தின்போதே சவப்பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார். வெளியூரிலிருந்து வரவேண்டிய மகள் கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்கட்டும் என்று பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். அது நல்லதாகப் போயிற்று. இறந்த வீரனுக்கு ஊதவேண்டியது, முகாமில் இரவு விளக்கணைக்கும்போது ஊதுகிற மெட்டு. முகாமிலிருந்து வந்தவனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, புத்தி ஒரு நிலையில் இல்லை. விடிகாலையில் சிப்பாய்களைப் படுக்கையிலிருந்து கிளப்புகிற மெட்டை ஊதித் தள்ளிவிட்டான். அந்த மெட்டைக் கேட்ட பிறகும் படுத்திருக்கிற பழக்கம் பட்டாளத்தாருக்கு என்றைக்குமே கிடையாது. எழுந்தார், காலைக் கீழே போட்டார், போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துப் பெட்டியின் தலைமாட்டில் வைத்தார், குழிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். மண்வெட்டியோடு நின்றிருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். முதலில் வாயைத் திறந்தது அவர் மனைவிதான். "செருப்பில்லாம நிக்காதீங்க, முள்ளு கிடக்கு" என்றாள்.

தர்மசங்கடமெல்லாம் பாதிரியாருக்குத்தான். எக்காளச் சத்தம் கேட்டு இறந்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று ஒவ்வொரு அடக்கத்திலும் சொல்லிவந்தவர் அவர். ஆனால் அவர் சொன்னது தேவதூதன் ஊதுவதை, அதுவும் சரியாக ஊதுவதை. மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் நாடி பிடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், "இறந்தவர்தான், அதுல சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கைகழுவத் தண்ணீர் கேட்டார். திருச்சபை மேலிடத்தில் விசாரித்ததற்கு, ஞாயிறு தவறாமல் வந்தவரை வராதே என்று சொல்ல ஏற்பாடு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. கன்றுக்குட்டி எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று குழியின்மேல் பலகை போட்டு மூடினார்கள். பட்டாளத்தார் மனைவிக்குப் பின்னால் நடந்து வீட்டுக்குப் போனார். அப்பா இறந்ததற்காக மகளுக்கு விடுப்பு கொடுத்திருந்த அலுவலகம், அவர் நடமாடுவதைக் கேள்விப்பட்டு அதை ரத்துசெய்துவிட்டது.

இறந்தவரோடு குடித்தனம் நடத்துவதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை என்பது கொஞ்ச நாளில் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. அவர் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. உயிரோடு இருந்தபோதும் பேச்சுக்குக் கஞ்சம்தான் என்பதால் அது யாருக்கும் குறையாகப்படவில்லை. ஒழுகுகிற குழாயை முடுக்கினார், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டார், மற்ற நேரமெல்லாம் முன்னறையில் தையல் மெஷினுக்கும் அலமாரிக்கும் நடுவில் நாற்காலி போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தபால்காரர் வணக்கம் சொல்வார், அவர் தலையசைப்பார். மனைவிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தாலியறுத்தவள் என்று அனுதாபம் சொல்ல வந்தவர்களுக்கு அவரையே காட்டி, "அதோ உக்காந்திருக்காரு, கேட்டுக்கங்க" என்று சொல்லியனுப்பினாள். வாழ்ந்த காலத்தில் சொல்லாமல் விட்ட ஊர்க்கதைகளையெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டே அவரிடம் சொல்லித் தீர்த்தாள். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அவளை உறுத்தியது அவருடைய கண்கள். தேவாலயத்தில் பட்டாளத்தாருக்குக் கடைசி பெஞ்சு, வாசலை ஒட்டிய ஓரம். எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது அவர் மட்டும் கண்ணைத் திறந்துவைத்திருப்பார். அது தலைக்கனம் என்று பாதிரியார் பல வருடங்கள் மனதுக்குள் வைத்துப் புழுங்கியதுண்டு. விஷயம் வேறு. வாலிபத்தில் எல்லைக்காவலில் நின்றபோது, பின்னால் தூங்கிக்கொண்டிருந்த கூட்டாளிக்காகவும் சேர்த்து ஒரு சின்ன ஜெபம் செய்யக் கண்ணை மூடியிருக்கிறார். திறந்தபோது கூட்டாளிக்கு உயிர் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை மனைவியிடம் சொன்னார்: "சாமியைக் குத்தம் சொல்ல மாட்டேன். கண்ணை மூடினது நான்." அதற்கப்புறம் அவர் கட்டிலில் படுத்து அவள் பார்த்ததில்லை. ராத்திரியெல்லாம் அந்த நாற்காலிதான். உட்கார்ந்தபடியே அரைக்கண்ணில் கிறங்குவார், எலி ஓடினாலும் எழுந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் அவர் போனபோது நர்ஸ் வந்து இமைகளைத் தடவி மூடினாள். சுருக்கம் நீங்கியிருந்த அந்த நெற்றியைப் பார்த்து, மாரடித்து அழுதுகொண்டிருந்த மனைவிக்கு அழுகைக்கு நடுவிலேயே மனசு நிறைந்துபோயிற்று. அப்பாடா, தூங்கிவிட்டார் என்று நினைத்தாள்.

இப்போது அந்தக் கண்கள் மறுபடி திறந்துகொண்டன. முன்பாவது அரைத்தூக்கம் இருந்தது. இறந்தவருக்கு அதுவும் இல்லை. கண்ணீர் சுரக்காத கண்ணில் தூசி படிந்தது. காலையும் மாலையும் அவள் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து மருந்துச் சொட்டு விட்டாள். இவரைத் தூங்கவைக்க வேண்டும் என்பது தெரியும். தூங்கினால் அதன்பிறகு யாருமில்லை என்பதும் தெரியும். மழைக்காலம் போகட்டும் என்றாள், மகள் ஒருமுறை வந்துவிட்டுப் போகட்டும் என்றாள். இன்று நாளை என்று இழுத்தடித்தாள், அதற்காக அவளைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. ஒருநாள் தையல் மெஷினிலிருந்து பறந்த நூல்பிசிறு அவர் கருவிழிமேல் ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் தட்டிவிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து அதை எடுத்துவிட்டு, நேராகப் பாதிரியார் வீட்டுக்குப் போனாள்.

பியூகிள்காரனுக்குச் சொல்லியனுப்பினார்கள். பாவம், அவன் அன்றிலிருந்து பியூகிளைத் தொடவே இல்லை. வந்து, கல்லறைத் தோட்டத்தில் நின்று, ஞாயிறு மத்தியானம் சரியான மெட்டை ஊதினான். அது எவ்வளவு சரியாக இருந்தது என்றால், தெருவில் தொட்டில் குழந்தைகள் தூங்கின, கசாப்புக்கடை வாசலில் நாய்கள் தூங்கின, பாதிரியார் படியில் உட்கார்ந்து பைபிள்மேல் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டார். பட்டாளத்தார் குழியருகே நின்று முழுவதையும் கேட்டார், சல்யூட் வைத்தார், திரும்பி நடந்து வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பியூகிள்காரன் அழுதுவிட்டான்.

"சரியாத்தாம்மா ஊதினேன்."

"சரியாத்தான்பா ஊதின. விளக்கணைச்சா மத்தவங்க தூங்கலாம். காவலுக்கு நிக்கிறவரு எப்படித் தூங்குவாரு? மாத்த ஆள் வரணுமில்ல" என்றாள் அவள். சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

அடுத்த ஞாயிறு, காது மந்தம் என்று எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவள் கடைசி பெஞ்சுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்மூடி ஜெபிப்போம் என்று பாதிரியார் சொன்னார். எல்லாத் தலைகளும் தாழ்ந்தன. அவள் நிமிர்ந்து, வாசல் பக்கம் திரும்பி, "நான் முழிச்சிருக்கேன். நான் பாத்துக்கறேன். நீங்க கண்ணை மூடுங்க" என்றாள். அவர் திரும்பித் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. காவல் மாறுகிறவன், வந்தவன் ஒழுங்காகப் பார்க்கிறானா என்று சோதித்துவிட்டுத்தான் போவான். கண் மூடும்போது அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் வாசலிலிருந்து கண்ணை எடுத்தால் அவர் மறுபடி விழித்துக்கொள்வார். அவள் எடுக்கவில்லை. தெருவில் ஒருவன் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், எதிர்வீட்டில் போர்வை உதறினார்கள், ஒரு பூனை மதில்மேல் நடந்தது, எல்லாவற்றையும் பார்த்தாள். அன்றைக்கென்று ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. அவள் தோளில் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எல்லோரும் ஆமென் சொன்னபோது முழு பாரமும் அவள்மேல் இருந்தது.

குழிமேல் கிடந்த பலகைகளை எடுத்து, அன்றைக்கே அடக்கம் செய்தார்கள். பியூகிள் வேண்டாம் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு அவள் தூங்கவில்லை. வருடங்கள் ஆகிவிட்டன. உடம்புக்கு ஒரு கோளாறும் இல்லை என்கிறார் மருத்துவர். பகலில் தைக்கிறாள், இரவில் முன்னறை நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தெருவில் யாரும் கதவைத் தாழ்போடுவதில்லை. வெளியூருக்குப் போகிறவர்கள், "கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சென்ற கோடையில் மகள் விடுப்பில் வந்தபோது, "எப்பம்மா தூங்குவ?" என்று கேட்டாள்.

"மாத்த ஆள் வந்தா தூங்கறேன்."

மகள் சமையலறையிலிருந்து ஸ்டூலைத் தூக்கிவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். அம்மா தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "இப்ப வேணாம்மா, இன்னும் நாளிருக்கு. நீ போய்ப் படு."

மகள் போய்ப் படுத்தாள். வெயில் ஏறும்வரை தூங்கினாள்.