கோட்டைக்குள் ஒரு கிணறு

என் புருசன் முத்துக்குமாரு ஒன்றரை வருடம் கப்பலில் நின்றுவிட்டு வல்வெட்டித்துறைக்கு வந்து சேர்ந்தபோது, நான் கேட்டிருந்த தையல் மெசினைக் கொண்டுவரவில்லை. ஒரு காகித மட்டைக் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். உள்ளே சேலை இருக்குமோ என்று பார்த்தால், சுருட்டி வைத்த ஒரு படம்.

படத்தில் நீலக் கூம்புகள் வைத்த வெள்ளைக் கோட்டை ஒன்று நின்றது. அதற்கு மேலே வாணம் சிதறியது. கீழே கொட்டை எழுத்தில் இங்கிலிசு.

"அமெரிக்காவிலை டிஸ்னி வேள்ட் எண்டு ஒரு பெரிய விளையாட்டு ஊரே கட்டித் திறந்திருக்கிறாங்கள். திறப்பு விழாவுக்கு அடிச்ச போஸ்ரர்" என்றார்.

"நீங்கள் உள்ளுக்கை போனனீங்களோ?"

"போகாமல்?"

அந்தப் "போகாமல்?"தான் எனக்குச் சுட்டது. நான் இங்கே உப்புக் கிணற்றோடு மாரடிக்கிறேன். குடிதண்ணீருக்குக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த குறிச்சிக்கு நடக்கிறேன். இவர் கோட்டை பார்த்துத் திரிகிறார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதே கதைதான். லண்டன் என்பார், ஜப்பான் என்பார். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும்.

படத்தைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினார். வீட்டுக்கு வந்த பெண்கள் கும்பாபிஷேக நோட்டீஸ் என்று நினைத்து, எந்த ஊர்க் கோயில் என்று கேட்டார்கள். ஆண்கள் கதை கேட்க வந்தார்கள். தேத்தண்ணி ஊற்றி ஊற்றியே என் சீனி முடிந்தது. அவர் கதையில் கோட்டையும் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டு போனது.

சித்திரைப் பூரணைக்கு எங்கள் ஊரில் இந்திர விழா. அம்மன் தீர்த்தமாடும் அன்று, தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை போட்டி போட்டு முகப்புக் கட்டி விளக்கேற்றுவார்கள். வருசா வருசம் மேற்கு ஒழுங்கையிடம் மூக்குடைபடுவது எங்கள் ஒழுங்கையின் வழக்கம். எங்கள் சோடனைக்குத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை அண்ணை. அவர் வந்து கோட்டைப் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"முத்து, இந்த முறை உந்தக் கோட்டையைத்தான் கட்டுறம். படத்திலை முன்பக்கம் மட்டும்தானே கிடக்கு. நீ உள்ளை போய்ப் பாத்தனி. பின்பக்கம், உள்பக்கம் எல்லாம் நிண்டு சொல்லித் தா."

அன்று மத்தியானம் என் புருசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"பத்மாசினி, நான் அங்கை போகேல்லை."

"எங்கை?"

"கோட்டைக்கு. கப்பல் உரம் ஏத்த நிண்டது. ஒருநாள் லீவு தந்தாங்கள். துறைமுக வாசல்லை பஸ் வருமெண்டு பாத்துக்கொண்டு நிண்டு, அது வராமலே பொழுதும் போட்டுது. பக்கத்துக் கடைக் கண்ணாடியிலை உந்தப் படம் தொங்கினது. கடைக்காரன் பாவம் பாத்துக் கழட்டித் தந்தான்."

"அப்ப லண்டன்? ஜப்பான்?"

"எல்லாம் ஒண்டுதான். கிறேன், குடோன், மழை."

மனிசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருடம் வீணாகப் பொறாமைப்பட்டுவிட்டேனே என்று எரிச்சலாகவும் இருந்தது. உலகம் சுற்றியவர் என்று ஊர் சொன்ன மனிசன், என்னைவிட அதிகமாக ஒன்றையும் பார்த்திருக்கவில்லை.

"வெளியிலை தெரிஞ்சால் நான் தலைகாட்ட ஏலாது. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு கேக்கினம். என்னத்தைச் சொல்ல?"

"கிணறு எண்டு சொல்லுங்கோ" என்றேன். "நல்லதண்ணிக் கிணறு. வாற ஆக்களுக்கெல்லாம் செம்பிலை அள்ளிக் குடுக்கினம் எண்டு சொல்லுங்கோ."

கோட்டை என்று ஒன்று எனக்குக் கிடைத்தால் உள்ளே வேறு எதை வைப்பேன்?

பாக்கு மரத்துச் சலாகையும் நிறத்தாளுமாகக் கோட்டை எழும்பியது. உள்ளே மட்டைக் கிணறு, அதற்குள் ஒரு பீப்பாய். வண்டிலில் மாடு பூட்டிப் போய் நல்லதண்ணி கொண்டுவந்து நிரப்பினார்கள். விழா அன்று பொழுதுபட, ஊரே எங்கள் ஒழுங்கைக்குள் நெரிந்தது. என் புருசன் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

அப்போதுதான் மேற்கு ஒழுங்கைக்காரர் அருளம்பலத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவரும் கப்பல்காரர். தானும் டிஸ்னி வேள்ட் பார்த்ததாகச் சொல்லித் திரிகிறவர். பிழை பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே விளங்கியது. என் புருசனின் புதுச் சேட்டு முதுகோடு நனைந்து ஒட்டியது.

அருளம்பலம் கோட்டையைச் சுற்றி வந்தார். கூம்பைப் பார்த்தார், கதவைத் தட்டினார். கிணற்றுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"உந்தக் கிணறு..." என்று இழுத்தார்.

சனம் கழுத்தை நீட்டிக்கொண்டு நெருங்கியது. 'அங்கே கிணறே இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் புருசனின் மானம் அந்தப் பீப்பாய்க்குள் போய்விடும். நான் செம்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"அண்ணை, நீங்களும் உள்ளுக்கை போனனீங்கள்தானே. அங்கை தண்ணி குடிக்கேல்லையோ?"

அவர் என்னைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"குடிக்காமல்? இளநி மாதிரித் தண்ணி. ஆனால் தங்கச்சி, கிணறு இடப்பக்கம். நீங்கள் வலப்பக்கம் வைச்சிட்டியள்."

"ஓமோம், இஞ்சை இடம் காணாமல் மாத்தினது" என்றார் என் புருசன், கண்ணை இமைக்காமல்.

நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அதற்குள் கூட்டத்தில் நின்ற இன்னொரு கப்பல்காரர், அந்தக் கிணற்றுக் கப்பி வெள்ளி என்று தொடங்கிவிட்டார்.

எனக்குப் பக்கத்தில் அருளம்பலத்தின் மனைவி குணலட்சுமி நின்றாள். அவள் முகம் கறுத்துக் கிடந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் நானும் அதைத்தான் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"பாத்தியளே அக்கா" என்றாள். "என்னை இஞ்சை விட்டிட்டு, போய் இளநி மாதிரித் தண்ணி குடிச்சவராம்."

அவள் காதோடு காதாகச் சொன்னேன். "உம்மடை மனிசனும் போகேல்லை. கிணறு நான் சொன்ன பொய். ரெண்டு பேரும் துறைமுகத்திலை மழைக்கை நிண்டவைதான்."

குணலட்சுமி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் புருசனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையிலிருந்த செம்பை வாங்கி, பீப்பாயில் நிறைய மொண்டு, சனத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

"இந்தாங்கோ" என்றாள். "இஞ்சையும் ஒருக்கால் குடியுங்கோ."

அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். நான் செம்பைத் திருப்பி வாங்கி என் புருசனுக்கும் மொண்டு கொடுத்தேன்.